கப்பலில் பிறந்தவளின் சாதகம்

என் மகள் கம்சிகா எத்தனை மணிக்குப் பிறந்தாள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெற்றவள் நான்தான். மயக்க மருந்து ஒன்றும் தரவில்லை, கண்ணை முழித்துக்கொண்டுதான் பெற்றேன். ஆனாலும் தெரியாது. சிரிக்க வேண்டாம். நீங்களும் ஒரு பிள்ளையை அத்திலாந்திக் கடலின் நடுவில், ஓடுகிற கப்பலுக்குள் பெற்றுப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், நான் வேலை செய்வது லண்டன் கவுன்சில் ஒன்றில், வீடு கொடுக்கும் பகுதியில். வீடு கேட்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்க நான் கேட்பது இதைத்தான்: எந்தத் திகதியில் வந்தீர்கள், எந்தத் திகதியில் பிறந்தீர்கள், அதற்கு என்ன அத்தாட்சி, ஒரிஜினல் எங்கே. ஒரு நாள் பிசகினாலும் பைலைத் திருப்பி அனுப்புகிறவள் என்று எனக்குப் பெயர். அப்படிப்பட்ட சந்திரவதனாவுக்குத்தான் சொந்தப் பிள்ளை பிறந்த நேரம் தெரியாது.

இருபத்தேழு வருடமாக இது தலையிடியாக இருக்கவில்லை. போன மாசி மாதம் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் சிவகௌரி அக்கா சாதகம் கேட்டபோதுதான் எல்லாம் தொடங்கியது.

சிவகௌரி அக்காவின் ஒரே மகன் யதுசன். அவனும் கம்சிகாவும் மூன்று வருடமாகப் பழகுகிறார்கள். லிப்ட் திருத்துகிற கொம்பனி ஒன்றில் எஞ்சினியர். எங்கள் கிங்ஸ்பரி வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான், அதற்கு மேல் ஒரு மருமகனிடம் என்ன கேட்பது? தாயும் என்னைப் போல இளவயதில் புருஷனை இழந்தவர். ரோல்ஸ், கட்லெட், வடை என்று வீட்டில் பொரித்து விசேஷங்களுக்குக் கொடுத்தே மகனைப் படிப்பித்தவர். எனக்கு எல்லாம் சம்மதம். சாதகத்தைப் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, கலியாணத்துக்கு எந்த ஹோல் எடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பொருத்தம் இல்லையாம். எட்டாம் இடத்தில் செவ்வாய் இருக்கிறதாம், புருஷனுக்குக் கூடாதாம். அதோடு தகப்பனுக்கும் ஆகாத சாதகமாம். கனடாவில் இருக்கும் சிவகௌரி அக்காவின் தமையன் பார்த்துவிட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

யதுசன் ஓடி வந்தான். தாயை விட்டுவிட்டுப் பதிவுத் திருமணம் செய்வோம் என்று நின்றான். கம்சிகா மாட்டேன் என்றாள். அவள் ஒரு பிசியோதெரபிஸ்ட், ஆஸ்பத்திரியில் எண்பது வயதுக்காரரை அதட்டி நடக்க வைக்கிறவள். சாதகத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மாட்டேன் என்றாள்.

"என்னைக் கண்டு பயப்பிடுற வீட்டுக்கு நான் போகமாட்டன், யது. அவ கதவைத் திறக்கேக்குள்ள அவவின்ர முகத்தில அந்தப் பயம் இருக்கும். எனக்கு அது வேண்டாம்."

அவன் எழுந்து போய்விட்டான். கோப்பையைக்கூடக் கழுவவில்லை. அவள் சோபாவில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சாதகமே பிழையாக இருக்கலாம், யாருக்குத் தெரியும், என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

கம்சிகா திரும்பிப் பார்த்தாள். "பிழையெண்டா? என்னம்மா சொல்லுறியள்?"

வாயை விட்டாயிற்று. சொல்லித்தான் ஆக வேண்டும்.

1998, ஆனி மாதம். என் கணவர் பரமேஸ்வரன் அப்போது ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. அவருடைய ஒரே தங்கைக்கு நியூ ஜேர்சியில் கலியாணம். மனுசன் பிளேன் ஏற மாட்டார். குண்டு போட்ட பிளேன்களையும், அவரை லண்டனுக்குக் கொண்டுவந்த பிளேனையும் சேர்த்து ஆயுளுக்குப் போதும் என்பார். ஆகவே கப்பல். அதுவும் எந்தக் கப்பல்? குயின் எலிசபெத் 2. பெயரைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டாம். சீமான்கள் மேலே சாம்பெய்ன் குடித்தார்கள், நாங்கள் கீழே ஜன்னல் இல்லாத அறையில் புளிச்சோறு சாப்பிட்டோம். வயிற்றில் ஏழு மாதம். ஐந்து மாதம் என்று பொய் சொல்லி, கொளுத்துகிற வெயிலில் பெரிய கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினேன். பொய்க்குக் கூலி நாலாம் நாள் கிடைத்தது. வலி வந்தது.

கப்பலிலேயே டொக்டர், நேர்ஸ், கட்டில் எல்லாம் இருந்தன. என்னைத் திட்டியபடியே நன்றாகத்தான் பார்த்தார்கள். பிள்ளை நாலு இறாத்தல். பிறந்த கையோடு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இன்றைக்கும் சொல்லி முடிக்க ஏலாது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே மூன்று மணிக்கூடுகள் இருந்தன. பிரச்சினை அதுதான்.

முதலாவது, சுவரில் இருந்த கப்பல் மணிக்கூடு. அமெரிக்கா நோக்கிப் போகும் கப்பலில் இரவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள், அங்கே போய்ச் சேரும்போது அந்த ஊர் நேரம் வந்துவிடும். இது தெரியாமல் நாங்கள் இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் போய், பூட்டியிருந்த கதவுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றோம். இரண்டாவது, என் கணவரின் கையில் இருந்தது. அவர் அதை லண்டன் நேரத்திலிருந்து மாற்றவில்லை, இந்தச் சின்ன ஆணியை ஒவ்வொரு நாளும் திருக ஏலாது என்று விட்டுவிட்டார். மூன்றாவது, என்னுடையது. அது யாழ்ப்பாண நேரம். லண்டனுக்கு வந்த பிறகும் நான் அதை லண்டன் நேரத்துக்கு மாற்றவில்லை, ஊரில் அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று பார்ப்பதற்கு.

பிள்ளை பிறந்ததும் என் கணவர் ஒரு துண்டுக் கடதாசியில் 'பின்னேரம் 4.10' என்று எழுதினார். எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் துண்டு லண்டன் முத்திரையோடு ஊருக்குப் போனது. ஊர்ச் சாத்திரியார் அதை லண்டன் நேரம் என்று எடுத்துக்கொண்டு சாதகத்தை எழுதிவிட்டார்.

எதைப் பார்த்து எழுதினார் என்று என் கணவரையே கேட்கலாமே என்பீர்கள். கேட்க ஆளில்லை. கம்சிகாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது, பெற்றோல் ஷெட்டில் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே அவர் விழுந்தார். நெஞ்சு. அம்புலன்ஸ் வர முன்னம் போய்விட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு கம்சிகா லப்டொப்பைத் திறந்தாள்.

"உங்கட மணிக்கூடு என்ன காட்டினது? அது ஞாபகம் இருக்கா?"

அது இருந்தது. பத்து நாற்பது. அம்மா படுத்திருப்பார், இனி நாளைக்குத்தான் அறிவிக்கலாம் என்று நினைத்தது நல்ல ஞாபகம்.

அவள் பெட்டி பெட்டியாகக் கீறி இலக்கங்களைப் போட்டாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் அடித்தாள். பிறகு இலங்கை நேரத்தைத் தேடியவள் அப்படியே நின்றுவிட்டாள். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றியிருக்கிறது, உங்களுடைய பத்து நாற்பது பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டாள். கடவுளே, அதை நான் மறந்தே போனேன். அந்தக் காலத்தில் ஊருக்குப் போன் எடுத்தால் முதல் ஐந்து நிமிடமும் அந்தக் கதைதான். வன்னியில் பழைய நேரம், யாழ்ப்பாணத்தில் புதிய நேரம், கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. நான் என் மணிக்கூட்டை மாற்றினேனா? மாற்றியிருப்பேன். மாற்றவில்லையோ? சத்தியமாகத் தெரியவில்லை. அவள் கீறிய பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க, இந்தப் பிள்ளை உண்மையில் பிறந்ததா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பிறப்பு அத்தாட்சியைத் தேடி எடுத்தோம். கப்பலின் பெயர், திகதி, கடலில் எந்த இடம் என்பது எல்லாம் இருந்தது. நேரம் மட்டும் இல்லை. வெள்ளைக்காரனுக்கு நேரம் எதற்கு? அவன் என்ன பொருத்தமா பார்க்கப்போகிறான்?

கிங்ஸ்பரியில் எனக்குத் தெரிந்த ஒரு சாத்திரியார் இருக்கிறார். அவரிடம் ஓடினேன். இரண்டு மணித்தியாலம் மாறினால் லக்கினமே மாறும், லக்கினம் மாறினால் செவ்வாயின் இடமும் தகப்பனின் பலனும் எல்லாமே மாறும் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கப்பல் மணிக்கூடு அன்றைக்கு லண்டனுக்கு எத்தனை மணித்தியாலம் பின்னால் நின்றது என்பதை அத்தாட்சியோடு கொண்டு வாருங்கள், சும்மா ஊகத்தில் எழுத மாட்டேன், என்றும் சொன்னார். கவுன்சிலில் நான் சொல்கிற அதே வசனம். வெளியே வந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் என்றால் மூன்று இரவு. மூன்று இரவுக்கு மூன்று மணித்தியாலம் என்பது என் கணக்கு. அப்படிப் போட்டால் என் பத்து நாற்பது எதனோடும் பொருந்தவில்லை என்றாள் கம்சிகா. இரண்டு என்று போட்டால் பொருந்துகிறது, ஆனால் அது ஏன் இரண்டு என்று அவளுக்கும் தெரியவில்லை. அப்படியானால் என் ஞாபகம் பிழையா? அவர் எழுதியது பிழையா? ஒரு கிழமை நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. கப்பலைப் பற்றித் தேடலாம் என்று போனால் அங்கேயும் குழப்பம். குயின் எலிசபெத் என்ற பெயரில் மூன்று கப்பல்கள். ஒன்று ஹொங்கொங்கில் எரிந்து போனது என்று இருந்ததை வாசித்துவிட்டு, என் பிள்ளை பிறந்த கட்டில் எரிந்து போய்விட்டதே என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கவலைப்பட்டேன். பிறகு பார்த்தால் அது அதற்கு முந்திய கப்பல், நான் கலியாணம் கட்ட முன்னமே, 1972இல் எரிந்தது. எங்களுடைய கப்பல் டுபாயில் கட்டிவைத்த ஹோட்டலாக நிற்கிறதாம்.

கம்சிகாதான் ஆளைப் பிடித்தாள். அந்தக் கப்பலில் வேலை செய்தவர்களும் அதில் பைத்தியம் பிடித்தவர்களும் சேர்ந்த ஒரு குழு இருக்கிறதாம். அதில் எழுதிக் கேட்டிருக்கிறாள். ஹவுன்ஸ்லோவிலிருந்து பெலமி என்று ஒருவர் பதில் போட்டார். கப்பலுக்குள்ளேயே ஒரு அச்சகம் இருந்ததாம், அதில் இருபது வருடம் வேலை செய்தவராம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். அன்றைக்கே பின்னேரம் மூன்று மணிக்குச் சாத்திரியாரிடம் நேரம் எடுத்தேன். சிவகௌரி அக்காவுக்கும் போன் எடுத்து, இன்னும் ஒரு சாதகம் அனுப்புவேன், அதுவரைக்கும் முடிவு சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கெஞ்சினேன்.

பெலமி நெட்டையான மனுசன். வீட்டில் படிக்கட்டிலும் பெட்டி, குளியலறை வாசலிலும் பெட்டி. அவரிடம் எனக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு இலக்கம். அவர் தொடங்கியதோ கப்பல் கட்டிய நாளிலிருந்து. ஸ்கொட்லாந்தில் கிளைட் ஆற்றில் 1967இல் அதை இறக்கினார்கள். முதலில் நீராவியில் ஓடியது. 82இல் போக்லாந்து தீவு யுத்தத்துக்கு மூவாயிரம் படையாட்களை ஏற்றிப் போனது, சப்பாத்துக் காலால் கம்பளம் பழுதாகாமல் மேலே பலகை அடித்தார்கள். திரும்பி வந்தபோது அதன் கறுத்த உடம்பைச் சாம்பல் நிறமாக அடித்தார்கள், ஒருவருக்கும் பிடிக்காமல் அடுத்த வருடமே திரும்பவும் கறுப்பு. பிறகு ஜேர்மனிக்குக் கொண்டுபோய் நீராவி எஞ்சினைப் பிடுங்கி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார்கள், அதோடு புகைபோக்கியும் மாறியது. எனக்கு ஒரே குழப்பம். எஞ்சினும் வேறு, நிறமும் வேறு, புகைபோக்கியும் வேறு என்றால் இது எப்படி அதே கப்பல் என்று கேட்க வாய் வந்தது. கம்சிகா என் காலை மிதித்தாள். மிதித்துவிட்டு அவர் சொல்வதை வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தான் பிறந்த இடத்தைப் பற்றி அவளிடம் யாரும் இவ்வளவு பேசியதில்லை. நானும்கூடப் பேசியதில்லை.

ஒருவழியாக 98இன் பெட்டி வந்தது. கப்பலில் ஒவ்வொரு பின்னேரமும் மறுநாளின் நிகழ்ச்சிகளை அச்சடித்து அறை அறையாகக் கதவுக்குக் கீழே தள்ளுவார்கள். சாப்பாட்டு நேரம், படம், நடனம் எல்லாம் அதில் இருக்கும். மணிக்கூட்டைத் திருப்பச் சொல்லும் வரியும் அதில்தான் இருக்கும். எங்கள் கதவுக்குக் கீழேயும் வந்திருக்கும், நாங்கள் அதில் வெத்திலைச் சீவலை மடித்து வைத்திருப்போம். பெலமி ஒவ்வொரு நாளும் ஒரு தாளை எடுத்து வைத்திருக்கிறார். முதல் இரவு, ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. இரண்டாம் இரவு, ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. மூன்றாம் இரவு, இன்றிரவு மணிக்கூட்டில் மாற்றம் இல்லை.

மாற்றம் இல்லை. அப்படியானால் இரண்டு மணித்தியாலம்தான். போய்ச் சேர ஆறு இரவு, திருப்ப வேண்டியது ஐந்து மணித்தியாலம், ஆகவே ஏதாவது ஒரு இரவு சும்மா விடுவார்கள் என்று பெலமி விளக்கினார். கம்சிகா கைவிரலை மடித்து எண்ணினாள். சுவரில் நாலு பத்து, லண்டனில் ஆறு பத்து, யாழ்ப்பாணத்துப் பழைய நேரம் பத்து நாற்பது. மூன்றும் ஒரே நிமிடம். நான் என் மணிக்கூட்டை மாற்றவேயில்லை. அவர் எழுதியது சுவர் மணிக்கூட்டைப் பார்த்து. ஊர்ச் சாத்திரியார் எழுதிய சாதகம் இரண்டு மணித்தியாலம் பிழை.

பெலமி அடுத்த நாளின் தாளையும் எடுத்து நீட்டினார். அதில் அடியில் ஒரு சின்னக் கட்டம். நேற்றுப் பிற்பகல் கப்பலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம், என்று இருந்தது. அந்தக் கட்டத்தைத் தானேதான் அச்சுக்கு ஒழுங்குபடுத்தியதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் குழந்தையைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

காரில் ஏறியது முதல் நான் வாய் மூடவில்லை. இருபத்தேழு வருடமாக யாரோ ஒருத்தியின் சாதகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன், அது உன்னுடையது இல்லையடி, செவ்வாயும் இல்லை, சனியனும் இல்லை, மூன்று மணிக்குச் சாத்திரியாரிடம் போவோம், இன்றைக்கே சிவகௌரி அக்காவின் மூஞ்சியில் எறிவோம் என்று பொரிந்து தள்ளினேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது. கம்சிகா நிறுத்தினாள். முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப அப்பாவை நான் சாப்பிடேல்லையாம்மா?"

எனக்கு விளங்கவில்லை. என்ன கதைக்கிறாய் என்று கேட்டேன்.

"அப்பாவின்ர செத்தவீட்டில நீங்கள்தானே சொன்னீங்கள். தேப்பனைத் திண்ட சாதகம் எண்டு. நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழ இருந்தனான். எனக்கு நாலு வயசு. நான் உண்மையா அவரைச் சாப்பிட்டுட்டன் எண்டு நினைச்சன்."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவள் காரை எடுத்து ஓரமாக நிறுத்தினாள்.

அழுத அழுகையில் நான் சொன்னது, சொன்னதையே மறந்துபோனேன். அந்த வருடம் கம்சிகா சாப்பிடவில்லை. வாயைத் திறக்க மாட்டாள், தீத்தினால் துப்புவாள். நிறை குறைந்து பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். டொக்டர் தகப்பனை நினைத்து ஏங்குகிறது என்றார். நான் கடவுளுக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன். சிலநேரம் அடித்தும் இருக்கிறேன், வாயில் சோற்றை வைத்து அமத்தியும் இருக்கிறேன். இப்போதுதான் விளங்குகிறது. அந்தக் குழந்தை பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தது, திறந்தால் இன்னொருவரும் போய்விடுவார் என்று. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். சீற் பெல்ற் இறுக்கிக்கொண்டு விடவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா ஒரு விசரி, அம்மா ஒரு விசரி என்று அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"வளர்ந்தாப் பிறகு அது பேய்க்கதை எண்டு தெரியும்மா. ஆனா தெரியிறது வேற. இண்டைக்கு அந்தத் தாளைப் பார்க்கேக்குள்ளதான் அது என்னை விட்டுது."

மூன்று மணிக்கு நான் சாத்திரியாரிடம் போகவில்லை.

ஏன் என்று கம்சிகாவும் கேட்டாள், சாட்டுச் சொல்லித் தட்டிவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். சரியான நேரம் கையில் இருக்கிறது, அத்தாட்சியும் இருக்கிறது. ஆனால் அந்தச் சரியான நேரத்துக்கு எழுதும் சாதகத்திலும் தகப்பனுக்கு ஆகாது என்று வந்தால்? அப்போது அது யாரோ ஒருத்தியின் சாதகம் என்று சொல்ல எனக்கு வழி இருக்காது. இருபத்திமூன்று வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவளிடமிருந்து அது விட்டிருக்கிறது. கலியாணத்துக்காக அதைத் திரும்ப அவள் தலையில் ஏற்றி வைக்கும் துணிவு எனக்கு இல்லை. எழுதாமல் விட்டால் கலியாணம் இல்லை. எழுதினால் எது வருமோ தெரியாது. நான் எழுதாமல் விட்டேன். அது சரியா பிழையா என்று அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பின்னேரம் சிவகௌரி அக்காவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. பிள்ளை கப்பலில் பிறந்தது, நேரம் ஒருவருக்கும் தெரியாது, முதல் அனுப்பிய சாதகம் பிழையான நேரத்துக்கு எழுதியது, ஆகவே எங்களிடம் சாதகமே இல்லை என்றேன். அவர் அடுப்பை நிறுத்தினார்.

"சாதகம் இல்லாட்டி பூக்கட்டிப் பார்க்கிறதுதானே வழக்கம்," என்றார். "புதன்கிழமை அம்மன் கோயிலுக்கு வாங்கோ. நான் தமையனுக்குச் சொல்லுறன்."

போனை வைத்ததும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு பள்ளத்திலிருந்து ஏறினால் அடுத்த பள்ளம். பூக்கட்டிப் பார்ப்பது என்றால், ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் நடத்தலாம். சிவப்பு வந்தால் கூடாது. கம்சிகா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, பூவில் அப்பாவைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்காதுதானே என்றாள். ஆனால் சிவப்பு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கடவுளும் சொல்லிவிட்டார் என்பார்கள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை நான் இரண்டு பொட்டலம் கட்டினேன். வாழையிலைத் துண்டில் வைத்து, நூல் சுற்றி, அச்சொட்டாக ஒரே மாதிரி. இரண்டிலும் வெள்ளை. கவுன்சிலில் இப்படி ஒருவர் செய்து நான் பிடித்தால் பைலை மூடி விசாரணைக்கு அனுப்பியிருப்பேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹாண்ட்பேக்கில் வைத்தேன்.

புதன்கிழமை கோயிலில் கூட்டம் இல்லை. யதுசனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் கம்சிகாவும் போய்ச் சேர்ந்தபோது சிவகௌரி அக்கா தான் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பொட்டலங்களை ஐயரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். அம்மனின் காலடியில் அவை இருந்தன. நானும் கொண்டுவந்தேனே என்று சொல்ல வாய் எடுத்தேன், ஐயர் மணி அடிக்கத் தொடங்கிவிட்டார். குழந்தையைக் கொண்டு எடுப்பிப்பதுதான் முறை, வேலை நாளில் குழந்தைக்கு எங்கே போவது, பெண்ணே எடுக்கட்டும் என்றார். கம்சிகா குனிந்தாள். வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். ஐயர் நூலை அவிழ்த்தார்.

வெள்ளை.

சிவகௌரி அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். உடனே போனில் அதைப் படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பினார். பிறகு அர்ச்சனைக்குச் சீட்டு எடுக்கப் போனார். ஐயர் மற்றப் பொட்டலத்தைப் பூக்குப்பைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார். ஏன் அதை எடுத்தேன் என்று தெரியாது. எவ்வளவு கிட்ட வந்து தப்பினோம், அந்தச் சிவப்பை ஒருதரம் பார்ப்போம் என்று இருக்கலாம். நூலை ஒரு பக்கம் நகர்த்தி, இலையை நீக்கி உள்ளே பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடினேன். அங்கே சிவகௌரி அக்கா, எண்ணெய் தெறித்த தழும்புக் கையால் சில்லறை பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் கம்சிகா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வெள்ளை வந்தது. ஓகே. ஆனா சிவப்பு வந்திருந்தா அவ வேண்டாம் எண்டுதானே சொல்லியிருப்பா. அந்தப் பயம் அவவுக்கு அப்பிடியே இருக்கும்மா."

"இந்தா," என்றேன். "மற்றதையும் அவிட்டுப் பார்."

அவள் சும்மா அவிழ்த்தாள். உள்ளே இருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இது என் வேலை என்று நினைத்தாள் போலும். நான் ஹாண்ட்பேக்கைத் திறந்து என் பொட்டலங்களைக் காட்டினேன், என்னுடையவை இங்கேதான் கிடக்கின்றன என்று.

"உதை ஆர் கட்டினது?" என்று மெல்லமாகக் கேட்டாள்.

"உன்ர மாமி."

கம்சிகா கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, போட்ட சப்பாத்தோடு கோயிலுக்குள்ளே ஓடினாள். வேறு நாளென்றால் கத்தியிருப்பேன்.